சாமித் தட்டில் வளர்ந்த பழ ஈக்கள்

ராசமலர் டென்மார்க்கின் ஒடென்சேயில் பதினான்கு ஆண்டுகள் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தார். பிறகு ஏழு ஆண்டுகள் ஒரு பறவைக்கூடத்தில், பறவைகளுக்குத் தீன் செய்யும் சமையலறையில். டேனிஷ்காரர் கொலிபிரி என்னும் ரீங்காரச் சிட்டை முதன்முதல் கண்ட அன்று வீட்டுக்கு வந்து, "பெருவிரல் அளவுதான். அதுக்குள்ளை இருதயமும் வைச்சிருக்கு," என்றார்.

பெரு நாட்டின் வறண்ட கரையோரப் பற்றைகளில் வாழும் இனம் அது. எடை நாலரை கிராம். பூவின் முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும். கூடத்தில் தேனுக்குப் பதில் சீனித்தண்ணீர்.

"சீனித்தண்ணி பெற்றோல் மாதிரி. பறக்கத்தான் காணும். குஞ்சு வளர இலையான் வேணும்," என்பார் ராசமலர். அதற்காகப் பழ ஈ வளர்ப்பதும் அவர் வேலை.

ஒரு மார்ச் மாதம் பெண் சிட்டு சிலந்தி நூலால் கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்தது. ஆண் எட்டியும் பார்க்கவில்லை. அந்த இனத்தில் எல்லாம் தாய்தான்.

"தகப்பன்மார் எங்கையும் ஒண்டுதான்," என்றார் ராசமலர். கணவர் தவராஜா பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் கூடத்தின் ஈப் போத்தல்களில் சிற்றுண்ணி பிடித்தது. அத்தனையையும் கொட்டினார்கள். புதியவை வரும்வரை குஞ்சுகளுக்கு இருந்தது, ராசமலர் வீட்டில் வளர்த்த ஒரே ஒரு போத்தல். அது சாமிப் படங்கள் வைத்த சாமித் தட்டில் இருந்தது. ஹீட்டருக்கு மேலே உள்ள அந்தத் தட்டில்தான் எந்நேரமும் இருபத்தைந்து பாகை. வெப்பமானி வைத்துப் பார்த்துச் சொன்னவள் மகள் சாரங்கி, அளவுக் கருவிகள் திருத்தும் பொறியாளர்.

அந்த ஞாயிறு சாரங்கியைத் தன் மகனுக்குப் பெண் பார்க்கப் பிரெடெரிசியா நகரிலிருந்து தங்கமலர் வருவதாக இருந்தது. சாமிக்குப் பூ வைக்கப் போன தவராஜாவின் முழங்கை போத்தலில் பட்டது. மூடியிருந்த துணி கழன்றது. ஈக்கள் விறாந்தை, குசினி, பாயாசம் எங்கும் பரவின.

தவராஜா பூச்சி மருந்தோடு ஓடி வந்தார். "விலகும், அடிக்கப்போறன். அவையின்ரை கார் வந்திட்டுது."

"அடிச்சால் ரெண்டு குஞ்சும் போச்சு," என்றார் ராசமலர்.

"சம்பந்தம் போனால்?"

"சாரங்கிக்கு வேறை மாப்பிள்ளை வரும். அதுகளுக்கு வேறை தீன் வராது. மருந்தைத் தாங்கோ."

தங்கமலர் கதிரையில் அமர்ந்து பாயாசக் கிண்ணத்தைப் பார்த்தார். "ராசமலர், முந்திரிகை வத்தல் நீந்துது."

"அது வத்தல் இல்லை. குஞ்சுகளின்ரை சாப்பாடு."

ராசமலர் நடந்ததைச் சொன்னார். விளக்குகளை அணைத்தார். ஒரு யன்னலைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் திரை இழுத்தார். வாழைப்பழம் போட்ட போத்தலைத் தங்கமலரின் கையில் கொடுத்தார். "இலையான் வெளிச்சத்துக்கு வரும். இதை யன்னலடியிலை பிடியுங்கோ."

பட்டுச்சேலையோடு தங்கமலர் இருபது நிமிடம் யன்னலடியில் நின்றார். "பொம்பிளை பாக்க வந்தன். இலையான் பிடிக்கிறன். ஓம், ஓம், வருது! ஆடாதையுங்கோ, ஒரு பட்டாளமே உள்ளுக்குப் போகுது!"

மறுநாள் காலை பறவைக்கூடத்தில் ராசமலர் கூட்டின் கீழே போத்தலைத் திறந்தார். தாய்ச்சிட்டு அந்தரத்தில் நின்று ஈக்களைக் கொத்தியது. குஞ்சின் தொண்டைக்குள் அலகை முழுதாக இறக்கி ஊட்டியது. பன்னிரண்டாம் தடவை ஊட்டும்வரை ராசமலர் அசையவில்லை. அன்று சீனித்தண்ணீர் கரைக்கப் பிந்திவிட்டது.

இருபத்திரண்டாம் நாள் இரண்டும் பறந்தன. ஓகஸ்டில் சாரங்கிக்குக் கலியாணம். மண்டபத்தில் மைக்கைப் பிடித்து இந்தக் கதையைச் சொன்னவர் மாமியார் தங்கமலர்.

சென்ற செப்டெம்பரில் ராசமலரின் இருதயம் நின்றது. வயது அறுபத்து மூன்று.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்த மறுநாள் சாரங்கி சாமித் தட்டைத் துடைத்தாள். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்த ஈப் போத்தல். இத்தனை நாளில் உள்ளே எதுவும் மிஞ்சியிருக்காது என்று கணக்குப் போட்டிருந்தாள். எடுத்துப் பார்த்தாள். நிறைய ஈக்கள்.

"எறிஞ்சு போடாதை பிள்ளை," என்றார் தவராஜா. "நேற்றுத்தான் வாழைப்பழம் மாத்தினனான். சிட்டு திரும்பக் கூடு கட்டியிருக்காம்."