கதவில் கட்டிய தறி

பிரித்தானியத் தலைநகரின் ஹவுன்ஸ்லோ பகுதியில், ஓர் அடுக்குமாடியின் நான்காம் தளத்தில் மரினா வசிக்கிறார். மலேசிய மாநிலமான சரவாக்கின் பழங்குடிகளான இபான் இனத்தவர். கிள்ளான் தமிழரான செல்வமணியை மணந்து, மாமியாரிடம் தமிழ் கற்றவர். கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார். விமான நிலையக் கடையொன்றில் வேலை.

இபான் மக்களின் நீளவீட்டில் எல்லாக் குடும்பங்களின் கதவுகளும் ஒரே பொதுக்கூடத்தில் திறக்கும். பெண்கள் அங்கு அமர்ந்து 'புவா' என்னும் போர்வையை நெய்வர். மரினா நீளவீட்டில் வாழ்ந்தவர் அல்லர். பெற்றோர் வேலை தேடி மிரி நகருக்குப் பெயர்ந்தபின் அடுக்குமாடியில் பிறந்தவர். தாய் அந்த மாடியின் நடையையே பொதுக்கூடமாக்கிக்கொண்டார். சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் வந்து அமர்ந்து பேசுவார்கள். தனியறையில் ஒருவர் நெய்வதை மரினா கண்டதே இல்லை.

ஆகவே ஹவுன்ஸ்லோவிலும் நடையில்தான் அமர்ந்தார். தறியின் ஒரு முனையைப் படிக்கட்டுக் கம்பியில் கட்டி, மறுமுனையின் வாரை இடுப்பில் மாட்டிப் பின்னால் சாய்ந்தால்தான் நூல் விறைக்கும். கடந்து சென்றோர் "சாரி" என்று சுவரோடு ஒட்டி நடந்தனர். எதிர்வீட்டு றூபினி மட்டும் நின்றார்.

"என்னக்கா, கப்பலைக் கட்டி இழுக்கிறியளோ?"

"ஆமா லா, மிரிக்கு இழுத்துட்டுப் போறேன். வந்து உக்காரு."

"ஷிப்ட் முடிய வாறன். தேத்தண்ணி போட்டு வையுங்கோ."

வந்தார், பல மாலைகள் வந்தார். நெசவைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. சூப்பர்வைசரைத் திட்டினார், மீன் விலையைத் திட்டினார். மரினாவுக்கு அது போதுமாயிருந்தது.

சென்ற மார்ச்சில் றூபினி நகரின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அதற்கடுத்த வாரம், தீப்பாதுகாப்பு விதிப்படி நடையில் எதுவும் இருக்கக் கூடாது என்று கட்டட நிர்வாகி நேரில் வந்து சொன்னார்.

மரினா தறியை உள்ளே கொண்டுபோனார். ஜன்னலோரம் உறுதியான ஹீட்டர் குழாய் இருந்தது. அதில் கட்டாமல், தானாக மூடிக்கொள்ளும் வாசற்கதவின் கைப்பிடியில் கட்டினார். அவர் சாய்ந்தால் கதவு திறக்கும். களைத்துக் குனிந்தால் மெல்ல மூடும். கதவு அசைவதால் நூல் சரியாக விறைப்பதில்லை. போர்வையில் பாதிவரை நெருக்கமான நெசவு, அதன்பின் தளர்வு.

"பிரிச்சு, ஹீட்டர்ல கட்டி நெய்யலாமே, ஆன்ட்டி?" என்று, கீழ்த்தளத்திலிருந்து அவரைப் பார்க்கப் போயிருந்த நான் கேட்டேன்.

"நெய்யலாம். அப்புறம் வாசல்ல யாரு வர்றான்னு என் முதுகா பாக்கும்?"

லிஃப்ட் திறக்கும் ஓசை கேட்டது. மரினா பின்னால் சாய்ந்தார். கதவு ஒரு முழம் திறந்தது. காலடிகள் நெருங்கி, இப்போது வேறு யாரோ குடியிருக்கும் எதிர்வீட்டுப் பக்கம் திரும்பின. சாவி திரும்பியது. அந்தக் கதவு மூடிய பின்னும் அவர் சிறிது நேரம் சாய்ந்தபடியே இருந்தார்.