பச்சைப் பொட்டு வைத்த கார்புரேட்டர்

அம்பத்தூர் ஓ.டி.யில் யெஸ்டி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் செங்கல்வராயனைக் கண்டால் எழுந்து நிற்காத குறைதான். அவன் பெரிய ஆள் ஒன்றும் இல்லை. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் வேலை. தட்டில் வந்து விழுகிற போல்ட்டை எடுத்து அளந்து பார்ப்பான். தேறினால் தலையில் பச்சைப் பெயின்ட்டில் ஒரு பொட்டு, தேறாவிட்டால் சிவப்பு. நாள் முழுக்க இப்படிப் பொட்டு வைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், வரும் வழியில் அவன் வாங்கிய கத்தரிக்காயை ஜெகதாம்பாள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பாதியைச் சொத்தை என்று ஒதுக்குவாள். அந்த வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் அவன் பெண்டாட்டிதான்.

அப்படிப்பட்டவனுக்கு வெளியே கொஞ்சம் மரியாதை கிடைத்தால் விடுவானா?

துலுக்கானத்தின் மெக்கானிக் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. யெஸ்டி மட்டும்தான் பார்ப்பான். வேலை சுத்தம், ஆனால் கடையில் ஒரு சாமான் இருக்காது. "சாமான் வாங்கியா, மாட்டித் தரேன்" என்பான். அந்தச் சாமானுக்குத்தான் எல்லோரும் லோல்பட்டார்கள். ஷோரூமில் ஒரிஜினல் உண்டு. விலையைக் கேட்டதும் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கத் தோன்றும். வெளியே டூப்ளிகேட் உண்டு. டப்பா ஒரிஜினல், லேபிள் ஒரிஜினல், உள்ளே இருப்பது மட்டும் எவனோ தகரத்தை உருக்கி ஊற்றியது. நியாயமான விலைக்கு நல்ல சாமான் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை வெயிலில் புதுப்பேட்டைப் பழைய சாமான் சந்தைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, கிரீஸில் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவ வேண்டும்.

செங்கல்வராயன் ஒரு தடவை அப்படித் துழாவி, ஒரு நல்ல கிளட்ச் பிளேட் செட்டை எடுத்துவந்தான். ஷெட்டில் அவனுக்கு ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். கல்யாணத்தன்றுகூட அவனை யாரும் அவ்வளவு கவனித்ததில்லை. அடுத்த தடவை அவன் வாங்கிவந்த கிக்கரை ஆவடி குவாட்டர்ஸில் இருக்கும் நாகேந்திரனுடைய வண்டியில் மாட்டினார்கள். அது சில நாளிலேயே திருமுல்லைவாயல் ரயில்வே கேட்டில் முறிந்து காலோடு வந்துவிட்டது. யெஸ்டிக்குக் கிக்கர்தான் கியர் போடுகிற லீவரும். அது போனால் வண்டி வெறும் இரும்பு. நாகேந்திரன் விருதுநகர் பக்கத்துக்காரன், மரியாதை தெரிந்தவன். "பரவால்லண்ணே, ஒங்களுக்கும் தெரியாமப் போயிருக்கும்" என்றான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட செங்கல்வராயன் துடைத்துப் போட்டிருப்பான். இந்த வார்த்தையை அவனால் தாங்க முடியவில்லை.

அப்போதுதான் வீட்டுச் சந்தில் நின்ற போர்வையின் மேல் அவன் கண் விழுந்தது.

போர்வைக்குள் இருந்தது ஜெகதாம்பாளின் தம்பி கஜபதியின் யெஸ்டி. கஜபதி வெல்டர். புது வண்டியை ஆசை தீர ஓட்டுவதற்குள் குவைத்துக்கு விசா வந்துவிட்டது. எண்பத்தேழில் கிளம்பும்போது வண்டியைக் கழுவித் துடைத்து, பெரிய பெரிய ரோஜாப்பூ போட்ட போர்வையால் மூடி, கயிறு கட்டி, "மாமா, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். கஜபதி ஒரு சந்தேகப் பிராணி. கடையில் தேங்காய் வாங்கினால் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர்வான். ஆனாலும் மாமாவை நம்பினான், அல்லது நம்பியதுபோல் இருந்தான்.

ஒரு கிக்கர்தானே என்று நினைத்தான் செங்கல்வராயன். புதுப்பேட்டையில் நல்லதாக ஒன்று அகப்பட்டதும் திருப்பி மாட்டிவிட்டால் போகிறது. காசு வாங்கினால்தான் திருட்டு, வாங்காவிட்டால் அதற்குப் பெயர் உதவி. இப்படியெல்லாம் சட்டம் பேசிக்கொண்டு, ஜெகதாம்பாள் ரேஷன் கடைக்குப் போன நேரத்தில் கழற்றி எடுத்துப்போய் நாகேந்திரனிடம் கொடுத்தான். "ஒரிஜினல்பா. ஒரு எடத்துல சொல்லி வெச்சிருந்தேன்" என்றான்.

அந்த "ஒரு எடம்" அப்புறம் பிரபலமாகிவிட்டது. பூந்தமல்லியிலிருந்தெல்லாம் ஆள் தேடி வந்தது. கார்புரேட்டர் போனது, ஹெட்லைட் போனது, செயின் கார்டு போனது, இரண்டு சைலன்சரும் ஜோடியாகக் கிளம்பிப் போயின. எதுவும் பழுதாகவில்லை. கம்பெனியில் மாட்டி வந்த அசல் சாமான் ஏன் பழுதாகப் போகிறது? அண்ணாத்தே கொடுத்தால் தப்பாது என்று பேச்சாகிவிட்டது. டீ, பிரியாணி, ஷெட்டில் தனி ஸ்டூல் எல்லாம் நிரந்தரமாயின. பதிலுக்கு வாங்கி மாட்ட வேண்டிய சாமான் மட்டும் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனது.

வண்டி இளைக்க இளைக்கப் போர்வை தொய்ந்தது. செங்கல்வராயன் சைலன்சர் இருந்த இடத்தில் மூங்கிலைக் கட்டினான், சீட்டுக்குப் பதிலாகச் சாக்கு மூட்டையை வைத்தான், ஹெட்லைட்டுக்கு ஜெகதாம்பாளின் அலுமினியக் குண்டானைக் கவிழ்த்தான். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி கொழுகொழுவென்று நின்றது. குண்டானைக் காணோம் என்று ஜெகதாம்பாள் பக்கத்து வீட்டு ராஜம்மாவோடு சண்டை போட்டு, இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றுபோனது. செங்கல்வராயன் பெரிய மனுஷன் மாதிரி நடுவில் புகுந்து, "போனாப் போவுது வுடு, குண்டான்தானே" என்று சமாதானம் சொன்னான்.

தொண்ணூறு ஆகஸ்டில் குவைத்துக்குள் ஈராக் பட்டாளம் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஜெகதாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். செங்கல்வராயனுக்கும் பதறத்தான் செய்தது. ஆனால் அவனுக்கு முதலில் நினைவு வந்தது கஜபதியின் முகம் இல்லை, கார்புரேட்டர். தன்னை நினைத்துத் தனக்கே அருவருப்பாக இருந்தது. திருவேற்காடு கோயிலுக்குப் போய், மச்சான் உயிரோடு வந்து சேரட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டான். கூடவே, கொஞ்சம் நிதானமாக வரட்டும் என்றும் வேண்டிக்கொண்டான். குவைத்தில் இருந்த நம் ஆட்கள் ஜோர்டான் வழியாகப் பம்பாய்க்கு வருகிறார்கள் என்று சேதி வந்ததே தவிர, கஜபதியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்குத் துலுக்கானம் கையில் வேலை வாங்குகிற வண்டியெல்லாம் ஷெட்டுக்கு வந்து வரிசையாக நிற்கும். ஒரு வருஷத்து அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். செங்கல்வராயன் ஸ்டூலில் உட்கார்ந்து அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தான். நாகேந்திரன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த துலுக்கானம் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"இன்னாபா இது, கிக்கருக்கு அடியில பச்சைப் பொட்டு கீது?"

பக்கத்து வண்டிக்காரன் தன் கார்புரேட்டரைத் துடைத்தான். அங்கேயும் ஒரு பொட்டு. அடுத்தவனுடைய சைலன்சருக்குக் கீழே ஒன்று, இன்னொருவனுடைய செயின் கார்டுக்கு உள்பக்கம் ஒன்று. எல்லாம் வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற பச்சை. செங்கல்வராயனுக்கு யார் வேலை என்று உடனே புரிந்துவிட்டது. சந்தேகப் பிராணி ஒரு சாமான் விடாமல் அடையாளம் வைத்துவிட்டுத்தான் போர்வையைப் போர்த்தியிருக்கிறான்.

ஆனால் அங்கே நின்றவர்கள் எஸ்டேட்டிலும் ஆவடி பேக்டரியிலும் வேலை பார்க்கிறவர்கள். பச்சைப் பொட்டு என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

"இன்ஸ்பெக்‌ஷன்ல பாஸ் ஆன சாமான்," என்றான் நாகேந்திரன். "அதான் இத்தன நாளா அசையாம நிக்கிது."

"அண்ணாத்தே, இதச் சொல்லவே இல்லியே நீ," என்றான் துலுக்கானம்.

செங்கல்வராயனுக்குப் போன உயிர் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பின்ன? பொட்டு இல்லாத சாமான நான் தொடறதே இல்ல," என்றான். வரிசையில் நின்றவர்கள் அவனை ஒரு மகானைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஓர் அலுமினியக் குண்டான் வந்தது. அவன் முதலில் குண்டானைத்தான் பார்த்தான். அதைத் தூக்கிக்கொண்டு வந்த ஆளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கஜபதி பாதியாக இளைத்திருந்தான். யாரோ தானமாகக் கொடுத்த சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொன்றில் பழுப்பு.

அன்று காலையில்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். சம்பாதித்தது அத்தனையும் குவைத்தில் போய்விட்டது. "வண்டி ஒண்ணுதான் மிச்சம்க்கா. அத வித்து எதனா பொழைச்சிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே போய்ப் போர்வையை விலக்கியிருக்கிறான். தம்பி உயிரோடு வந்ததற்காக அழுது முடித்திருந்த ஜெகதாம்பாள், குண்டானைப் பார்த்து இரண்டாம் தரம் அழுதாள். கஜபதி அதைக் கையில் எடுத்துக்கொண்டு, மாமா எங்கே என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான்.

ஷெட்டில் அவன் வரிசையில் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனான். ஆள் யாரென்று தெரியாத நாகேந்திரன் பின்னாலேயே போய் விளக்கம் சொன்னான். "பச்சைப் பொட்டப் பாத்தீங்களா? கம்பெனி பாஸ் பண்ணது. அண்ணந்தான் எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாரு."

"நல்லா உழைக்குதா?" என்று கேட்டான் கஜபதி.

"ஒரு கொறையும் இல்லங்க."

"அப்டியா மாமா," என்று கஜபதி செங்கல்வராயனைப் பார்த்தான். குண்டானை ஸ்டூல் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான்.

சட்டையைப் பிடித்திருந்தால் செங்கல்வராயன் ஏதாவது சொல்லி டபாய்த்திருப்பான். அதில் அவன் கெட்டிக்காரன். ஆனால் கஜபதி மாமாவின் மானத்தை மாமாவிடமே கொடுத்துவிட்டு நிற்கிறான். இப்போது வாயை மூடிக்கொண்டால் பெயர் பிழைக்கும். மச்சானுக்கு மிச்சமிருந்த ஒரே சொத்து இந்தப் பத்து வண்டியிலும் ஏறிப் போய்விடும். செங்கல்வராயன் அந்தக் கறுப்புச் செருப்பையும் பழுப்புச் செருப்பையும் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தது. பூஜைப் புகை என்று சொல்லவும் வழியில்லை, கற்பூரம் இன்னும் ஏற்றவில்லை.

"பூசணிக்காய அந்தாண்ட வையிங்கப்பா," என்றான். "பொட்டு வெச்ச சாமான் அத்தினியும் கயட்டுங்க. இவன் என் மச்சான். எல்லாம் இவன் வண்டிது. ஒரு எடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஊட்டுச் சந்துலேந்து நான்தான் கயட்டினு வந்து குடுத்தேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஆளுக்கு ஆள் பிடித்துக்கொண்டார்கள். இத்தனை காலம் குடித்த டீயெல்லாம் அன்றைக்கு வசவாக வந்து சேர்ந்தது. "தூ, கஸ்மாலம், ஒன்ன நம்பி குந்த வெச்சேன் பாரு," என்று துலுக்கானம் ஸ்டூலை இழுத்துக்கொண்டான். நாகேந்திரன்தான் முதலில் உட்கார்ந்து கிக்கரைக் கழற்றினான். "மொதல்லயே சொல்லியிருந்தா நானே வந்து மாட்டியிருப்பேன்லண்ணே," என்றான். வசவைவிட அதுதான் சுருக்கென்றது.

சந்திலிருந்து எலும்புக்கூட்டை மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்து சாமான்களை மாட்டினார்கள். அந்த வருஷப் பூஜையில் முழுசாக நின்ற ஒரே வண்டி கஜபதியுடையது. மற்றவை கண் இல்லாமலும் மூக்கு இல்லாமலும் கற்பூரம் வாங்கிக்கொண்டன. விபூதி நெற்றியோடு எல்லோரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாகேந்திரனுடையது ஆவடிக்கு அதே மீன்பாடி வண்டியில் போனது. ஜெகதாம்பாள் ஒரு பாத்திரம் பொங்கலோடு ராஜம்மா வீட்டுக்குப் போய், புருஷனைப் பற்றி ஆற அமரப் பேசிவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தப் பத்துப் பேரும் கஜபதியைத் தேடி வந்தார்கள். பச்சைப் பொட்டுச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஜன்னல் பெயின்ட், நானே வைத்தேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. இடத்தைச் சொல்ல மனசில்லை என்று நினைத்தார்கள். கஜபதி யோசித்தான். வண்டியை விற்றுப் பூந்தமல்லியில் ஒரு சின்னக் கடை பிடித்தான். புதுப்பேட்டையிலும் மற்ற இடங்களிலும் அலைந்து, ஒவ்வொரு சாமானையும் தேங்காயைச் சந்தேகப்படுவதுபோல் சந்தேகப்பட்டு, தேறியதை மட்டும் வாங்கிப் பச்சைப் பொட்டு வைத்தான். ஷோரூம் விலையும் இல்லை, தகரமும் இல்லை. கடை நிலைத்துவிட்டது. சில வருஷத்தில் டூப்ளிகேட் பச்சைப் பொட்டே வர ஆரம்பித்தது. கஜபதி அதை ஒரு விருது மாதிரி எல்லோரிடமும் காட்டினான்.

மாமாவிடம் அவன் முகம் கோணியதில்லை. கடைக்குப் போனால் டீ சொல்வான். ஆனால் கேட்ட சாமானைத் தானே எடுத்து நீட்டுவானே தவிர, கவுன்ட்டருக்கு உள்ளே மட்டும் விடமாட்டான். செங்கல்வராயனுக்கு அது வலித்தது. வலிக்க வேண்டியதுதான் என்பதும் அவனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றைந்தில், ஐப்பசி மழை சமயம், கஜபதியின் பெண்டாட்டி வரலட்சுமிக்குத் திருத்தணியில் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னது. வேறு வழியில்லை. கஜபதி மாமாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தான். கூரை ஒழுகியதால் அலமாரி முழுவதையும் ஒரு போர்வையால் மூடிக் கயிறு கட்டியிருந்தான். வெளுத்துப்போயிருந்தாலும் ரோஜாப்பூ தெரிந்தது.

"மாமா, பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினான்.

செங்கல்வராயன் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் கடையைத் திறந்தான். கவுன்ட்டருக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டான். கிளட்ச் கேபிள் கேட்டவர்களுக்கு இல்லை என்றான். கிக்கர் தீர்ந்துபோயிற்று என்றான். துலுக்கானமே அவசரம் என்று வந்து நின்றான்.

"அதோ போர்வைக்குள்ள கீதேபா."

"கீது. ஆனா தொடக்கூடாது. கஜா வந்தப்பால வா."

கஜபதி பெண் குழந்தை பிறந்த சந்தோஷத்தில் சாக்லேட் டப்பாவோடு திரும்பி வந்தான். கல்லாவை இழுத்துப் பார்த்தான். மழைக்கு ஒதுங்கிய ஒரு கரப்பான் பூச்சிதான் இருந்தது.

"இன்னா மாமா இது, ஒண்ணுமே விக்கலியா? அப்பால இன்னாத்துக்குக் கடையத் தொறந்த?"

செங்கல்வராயன் போர்வையைக் காட்டினான். கயிற்றின் முடிச்சு கட்டியபடியே இருந்தது.

"பாத்துக்கோன்னு சொன்னல்ல மச்சான்," என்றான். "பாத்துக்கினேன்."

கஜபதி அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தான். பிறகு கவுன்ட்டர் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"வெளிய இன்னாத்துக்குக் குந்திகினு கீற? உள்ள வா மாமா," என்றான்.