மேலிருந்த நாற்பது முகவரிகள்

ஆஸ்பத்திரியின் இணையதளத்தைக் கட்டிக் காப்பவளுக்கு அங்கே 'பூட்டு' என்று பெயர். மாதத்துக்கு ஒரே நாள் வரும் கண் நிபுணரிடம் முப்பது பேருக்குத்தான் டோக்கன். அதில் ஊழியர்கள் தங்கள் சொந்தக்காரர்களைச் செருகிவந்ததை நிறுத்தியவள் அவள்தான். யாராயிருந்தாலும் காலை பத்து மணிக்கு இணையத்தில் பதிய வேண்டும். உள்ளேயிருந்து ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது. பெயர் வைத்தவர்களுக்கு வயிற்றெரிச்சல், அவளுக்குப் பெருமை.

அன்று ஒன்பது ஐம்பதுக்கே தளம் திணறியது. எவனோ வைரஸ் புகுந்த ஆயிரக்கணக்கான கணினிகளை ஏவிவிட்டிருந்தான். உள்ளே வந்து திருட அல்ல, வாசலை அடைத்துக்கொண்டு நிற்க. அவை ஓயாமல் பக்கத்தைக் கேட்டுக்கொண்டே இருந்ததால், உண்மையான நோயாளிக்குப் பதில் சொல்ல சர்வருக்கு நேரமில்லை. இந்த வெள்ளத்தை வெளியிலேயே வடிகட்டும் சேவை வேண்டும் என்று அவள் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். நம்மை எவன் தாக்கப்போகிறான் என்று மூன்று முறையும் திருப்பியனுப்பிய மேலாளர், இப்போது அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஏன் இன்னும் சரியாகவில்லை என்று நிமிடத்துக்கொரு தரம் கேட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தளத்தை அதிகமாகத் தட்டும் இணைய முகவரிகளை வரிசைப்படுத்தினாள். வழக்கமாக ஒவ்வொன்றும் யாருடையது என்று பார்த்துத்தான் அடைப்பாள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்களே, அவளும் அதற்கு விலக்கில்லை. மேலிருந்த நாற்பதையும் மொத்தமாக அடைத்தாள். தளம் மூச்சுவிட்டது. மேலாளர் தன் வெற்றியைப் போலக் கைதட்டினார்.

பத்தேகாலுக்கு அக்கா போனில் கூப்பிட்டாள். அக்காவுக்கு இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது, இந்த மாதம் விடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

"போனை மூஞ்சிகிட்ட வெச்சு அழுத்திக்கிட்டே இருக்கேன், திறக்கவே மாட்டேங்குது. எங்க தெருவுல ஒருத்தருக்கும் வரலையாம்."

தெருவில் ஒருவருக்கும் வரவில்லை என்றதும், தான் அடைத்த பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அக்காவின் பகுதியில் நானூறு வீடுகளுக்கும் கேபிள்காரர் ஒரே முகவரியில்தான் இணைப்பு கொடுத்திருந்தார். தளம் திறக்காமல் அத்தனை வீட்டிலும் தட்டியது, ஒரே ஆள் தட்டியதாகப் பதிவாகியிருந்தது. பட்டியலில் ஏழாவது. அவசரமாகத் திறந்துவிட்டாள். அதற்குள் முப்பது டோக்கனும் தீர்ந்திருந்தது.

"நீ உள்ளதானே இருக்க? என் பேரை ஒண்ணு போட்டுடேன்."

"முடியாதுக்கா. போட முடியாதபடி பண்ணினதே நான்தான்."

அக்கா போனை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது.

மாலையில் அறிக்கை எழுதும்போது, தடுக்கப்பட்ட தாக்குதல் முகவரிகள் நாற்பது என்று நிரப்பச் சொன்னார் மேலாளர். அவள் முப்பத்தொன்பது என்று எழுதினாள். அடுத்த வரியில் எழுதினாள்: நானூறு வீடுகள், நான் அடைத்தவை.