பூசையில் வைத்த சேர்வர்

உதயகலாவுக்கு அந்தக் கந்தோரே அருவருத்துப் போனது ஒரு நவராத்திரி நவமியன்றுதான்.

திருநெல்வேலியில் கிணற்றுத் தண்ணீர் சோதிக்கும் சின்ன நிறுவனம் அது. தோட்டத்து உரம் எந்தெந்தக் கிணற்றில் இறங்கியிருக்கிறது என்று காட்டும் இணையச் செயலி ஒன்றை அவள் செய்திருந்தாள். ஊரைத் தொட்டால் கிணறு வரும். கிணற்றைத் தொட்டால் நிறம் வரும். சிவப்பென்றால் அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கக் கூடாது. ஊர்களுக்குப் போகும் உத்தியோகத்தர்கள் அதைக் கைபேசியில் பார்த்துத்தான் தாய்மாருக்குச் சொல்வார்கள்.

அதை எங்கே ஏற்றி வைப்பது என்பதில்தான் வினை பிடித்தது. வெளியே வாடகைக்குக் கிடைக்கும் சேர்வர் கணினியில் வைத்துக் கடவுச்சொல் போட்டுக் கொடுக்கலாம், எந்நேரமும் ஓடும் என்றாள் உதயகலா. பணிப்பாளர் அருட்செல்வன் கேட்டால்தானே!

"எங்கடை கிணத்து விபரத்தை ஏன் பிள்ளை ஆரோ ஒருத்தற்றை வீட்டிலை வைப்பான்? எங்கடை கந்தோர் கொம்பியூட்டரிலையே கிடக்கட்டும். கண்ணுக்கு முன்னாலை நிக்கும்."

"அது நிண்டா எல்லாம் நிண்டிடும், சேர்."

"அது ஏன் நிக்குது?"

கூட்டத்திலிருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆட்டுவதற்கென்றே வளர்த்த தலைகள். கெடுகுடி சொல் கேளாது.

நவமியன்று மத்தியானம் புத்தூருக்குப் போயிருந்த உத்தியோகத்தன் நிருஷன் அழைத்தான். "அக்கா, செயலி திறக்குதில்லை. இஞ்சை ஒரு அம்மா பால் கரைக்கத் தண்ணியோடை நிக்கிறா. குடுக்கலாமோ எண்டு கேக்கிறா."

"பொறுக்கச் சொல்லு. பாத்துச் சொல்லுறன்."

ஓடிப்போய்ப் பார்த்தால் செயலி ஓடும் கணினி இருந்த மேசை வெறுமையாகக் கிடந்தது. கூடத்தில் சரஸ்வதி படத்தின் முன்னால், வயரெல்லாம் கழற்றி, சந்தனமும் குங்குமமும் அப்பி, அவல் தட்டுக்குப் பக்கத்தில் கணினியை இருத்தியிருந்தார்கள். அறிவுக்குப் பூசையாம்!

"தொடாதையும் பிள்ளை! பூசையிலை வைச்சது. நாளைக்குத் தசமி, விடிய எடுப்பம்," என்றார் அருட்செல்வன், வாய் நிறைய அவலோடு.

தொட்டாள். தூக்கினாள். குங்குமம் சட்டையெல்லாம் கொட்டியது. வயர்களைப் பூட்டிச் செயலியை எழுப்ப இருபது நிமிடம் சென்றது. அந்தக் கிணறு கடுஞ்சிவப்பு.

"குடுக்க வேண்டாம் எண்டு சொல்லு, நிருஷன்."

"பிள்ளை வீரிட்டு அழுதிது அக்கா. அவ கரைச்சுப் பருக்கிப்போட்டா."

பின்னால் நின்ற அருட்செல்வன் திரையை எட்டிப் பார்த்தார். "பாத்தீரே, பூசையிலை வைச்ச கையோடை என்ன கெதியா ஓடுது!"

அன்று மாலையே, ஒருவரையும் கேளாமல், செயலியை வெளிச் சேர்வருக்கு மாற்றினாள் உதயகலா. அடுத்த வருச நவமிக்கும் அந்த வெறும் கணினிப் பெட்டிக்குப் பொட்டு வைத்தார்கள். நீட்டிய அவலை அவள் வாங்கவில்லை.