துணிக்கடைக்குத் தராத வார்த்தை

மைக்கண்ணன் வருகிறார் என்றால் எங்கள் பகுதியில் தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்கார்ந்துவிடும். ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் கத்துவதுதான் அவர் பிழைப்பு. கண் சிகிச்சை முகாம், காணாமல் போன ஆடு, குடிதண்ணீர் வராத நாள் என்று ஊர்ச் சங்கதியெல்லாம் அவர் வாயிலிருந்துதான் எங்களுக்குத் தெரியவரும். ஆனால் அவர் வீட்டில் அடுப்பு எரிந்தது துணிக்கடை முதலாளியின் புண்ணியத்தில்.

அந்தக் கடை வருஷா வருஷம் மூடப்போகும், மூடவே மூடாது. முதலில் ‘க்ளியரன்ஸ் சேல்’ என்றார்கள். நாங்களும் அடித்துப்பிடித்து ஓடினோம். அடுத்த வருஷம் அந்த வார்த்தைக்கு ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. “புதுசா ஏதாவது சொல்லுப்பா, ஜனங்களுக்குக் காது புளிச்சுப் போச்சு” என்றார் முதலாளி. மைக்கண்ணன் நேராகத் தன் அக்காவிடம் போனார்.

அக்கா எங்கள் தெருவின் கடைசி வீடு, கால்வாயை ஒட்டியது. நான் பக்கத்து வீடு. அக்கா பள்ளிக்கூடத்தில் ஆங்கில டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவர்தான். கல்யாணம் காட்சி என்று தனக்காக எதையும் செய்துகொள்ளவில்லை. முட்டி தேய்ந்துபோய், தெருமுனைக் கடைக்குக்கூடப் போகமாட்டார். வாய் மட்டும் தேயவில்லை.

“க்ளியர்னா சாமானை எடுத்துட்டு இடத்தைச் சுத்தமா விடறது. வெகேட்னா குடியிருந்த இடத்தை ஒப்படைச்சுட்டுக் கிளம்பறது. க்விட்னா போதும்டா சாமின்னு உதறிட்டுப் போறது. அபாண்டன்னா திரும்பிக்கூடப் பார்க்காம விட்டுட்டுப் போறது. உன் முதலாளி இதுல எதைடா செய்யறான்?”

“எதையும் செய்யலக்கா. அதனாலதான் எல்லாமே தேவைப்படுது.”

திட்டிக்கொண்டேதான் கொடுப்பார். வருஷத்துக்கு ஒரு வார்த்தையாக அக்காவின் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போய் மைக்கண்ணன் தெருவில் விற்றார். எல்லாம் தீர்ந்துபோன ஒரு நாள், “எவாகுவேட்னு ஒண்ணு இருக்காமேக்கா?” என்று கேட்டார். அக்காவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அவர் போட்ட சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டது.

“அது உசிரைக் காப்பாத்திக்க ஓடறவங்களுக்கு உள்ள வார்த்தை. அதைக் கொண்டு போய்ப் பாவாடை சட்டைக்கு விப்பியா? அதைத் தர மாட்டேன். நீ தொடமாட்டேன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினார். அதைக் காப்பாற்றவும் செய்தார். அதற்குப் பதில் வேறு வேறு மாதிரியாகக் கத்திப் பார்த்தார், “சத்தியமா கடைசி நாள்” என்றுகூடக் கத்தினார். நாங்கள் திரும்பிப் படுத்துக்கொண்டோம்.

அந்த மழைக்காலத்தில் வானம் ஓட்டையானது போல் கொட்டியது. ஒரு மத்தியானம் அதிகாரி ஒருவர் ஜீப்பை நிறுத்தி மைக்கண்ணனைப் பிடித்தார். மேலே அணை நிரம்பிவிட்டது, திறந்தாயிற்று, இருட்டுவதற்குள் கால்வாயோரம் காலியாக வேண்டும் என்றார். “எவாகுவேட்னே சொல்லுங்க. அப்பதான் அரசாங்க உத்தரவுன்னு பயப்படுவாங்க.”

மைக்கண்ணன் அடித்துப் பிடித்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தார். “எவாகுவேட்! எவாகுவேட்! அனைவரும் உடனடியாக வீட்டை விட்டு வெளியேறவும்!” பாவம், பல வருஷப் பழக்கம், அதே துணிக்கடை ராகம். ஒவ்வொரு வரியும் கடைசியில் இழுபட்டது.

நான் வாசலில் நின்று, “எவாகுவேட்டுக்கு எவ்வளவு தள்ளுபடிண்ணே?” என்றேன். தெருவே சிரித்தது.

“தங்கச்சி, நிஜமாவே தண்ணி வருதும்மா. வீட்டுக்காரரை எழுப்பும்மா.”

என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் விழுந்துபோய்ப் படுத்த படுக்கை. அவரைக் கிளப்புவது லேசான காரியமா? “நாளைக்கும் இதே தண்ணிதானேண்ணே வரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினேன். அப்போதுதான் அக்காவின் ஜன்னல் படாரென்று திறந்தது.

“அந்த வார்த்தையையும் வித்துட்டியாடா?”

“இல்லக்கா! இது கடைக்கு இல்லக்கா! அணையைத் திறந்துட்டாங்கக்கா!”

“என் தலைல அடிச்ச சத்தியம்டா அது. என் மூஞ்சில முழிக்காதே, போ.”

ஜன்னலும் சாத்தப்பட்டது, கதவும் தாழ் விழுந்தது. மைக்கண்ணன் கதவை இரண்டு கையாலும் அடித்தார். கையில் மைக் அப்படியே இருந்தது. அவர் அழுத அழுகை குழாய் வழியாகத் தெரு முழுக்கக் கேட்டது. “அக்கா, கதவைத் திறக்கா. ஒரு தடவை என்னை நம்புக்கா.” எதிர்வீட்டில் யாரோ, “நடிப்பு நல்லா முன்னேறிடுச்சு” என்றார்கள். மனுஷ ஜென்மங்கள்தானா நாங்கள் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

பிறகு சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். மைக்கண்ணன் ஆட்டோவின் மேல் ஏறி ஸ்பேனரால் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் விரலால் தொட்டால்கூட அடிக்கப் போகிறவர், அதைத் தூக்கி விளக்குக் கம்பத்தடிச் சேற்றில் போட்டார். பின் இருக்கையை அடைத்துக்கொண்டிருந்த பேட்டரியையும் ஒலிபெருக்கிப் பெட்டியையும் அதன் பக்கத்தில் தள்ளினார். நேராக என் வீட்டுக்குள் வந்து, என் வீட்டுக்காரரைக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டார்.

“என்னண்ணே இது?”

அவரை ஆட்டோவின் பின் இருக்கையில் கொண்டு போய்ப் படுக்கவைத்தார். வாய் ஓயாத அந்த மனுஷன் பேசாமல் போனதைப் பார்த்ததும்தான் தண்ணீர் நிஜம் என்று எனக்கு உறைத்தது. நான் போட்ட கூச்சலில் தெரு வெளியே வந்தது. சேற்றில் கிடந்த குழாயைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

எங்களை அங்கே இறக்கியதும்தான் மைக்கண்ணன் வாயைத் திறந்தார். “கடப்பாரை யார்கிட்ட இருக்கு? அக்கா கதவை உடைக்கணும்.” தொண்டை கட்டிக் காற்றுதான் வந்தது.

அவர் திரும்பிப் போவதற்கும் தண்ணீர் தெருவுக்குள் புகுவதற்கும் சரியாக இருந்தது. மாடி வராந்தாவிலிருந்து எல்லாம் தெரிந்தது. ஆட்டோ பாதியிலேயே நின்றுபோனது. கடப்பாரையோடு தண்ணீரில் இறங்கி நடந்தார். அக்கா வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே போனவர் தனியாக வெளியே வந்தார். கடப்பாரை கையிலிருந்து நழுவியது.

“அக்கா!” என்று கத்தினார். ஊரையே எழுப்பிய குரல், குழாய் இல்லாமல் நாலு வீடு தாண்டவில்லை. நாங்கள் எல்லோரும் மேலேயிருந்து சேர்ந்து கத்தினோம். தண்ணீர் இரைச்சலில் அதுவும் கரைந்தது. கால்வாய்ப் பக்கச் சுவர் விழுந்தது, பின்னாலேயே அக்கா வீட்டுக் கூரை உட்கார்ந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

“கம்பத்துக்கிட்ட! கம்பத்துக்கிட்ட!” என்று பக்கத்தில் ஒருத்தி அலறினாள்.

அடுத்த தெருவின் முனையில், இடுப்பளவு தண்ணீரில் அக்கா நின்றுகொண்டிருந்தார். ஒரு கை அங்கிருந்த விளக்குக் கம்பத்தைச் சுற்றியிருந்தது. இன்னொரு கை அந்தக் குழாயை மார்போடு அணைத்திருந்தது. தெருமுனைக்கு நடக்க முடியாத கால்.

மைக்கண்ணன் அவரை முதுகில் சுமந்துகொண்டு பள்ளிக்கூடப் படியேறினார். அக்கா அழுதுகொண்டே அவர் முதுகில் அடித்துக்கொண்டு வந்தார். குழாயைக் கீழே வைக்கச் சொன்னால் வைக்கவில்லை.

“இப்பவாச்சும் என்னை நம்பினியேக்கா” என்றார் மைக்கண்ணன், இல்லாத குரலில்.

“யாருடா உன்னை நம்பினது? சத்தம் நின்னு போச்சு. எட்டிப் பார்த்தா ஆட்டோவையும் காணோம், உன்னையும் காணோம், இது மட்டும் சேத்துல கிடக்குது. உசிரோட இருந்தா இதைக் கீழே போடுவியாடா நீ? நான் தண்ணிக்குப் பயந்து வெளியே வரலடா. உன்னைத் தேடிக்கிட்டு வந்தேன்.”