ராஜாவுக்குப் பத்து

சரோஜினி தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே சீட்டுக்கட்டை தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கினாள். சர்ச்சுக்காரர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குள் போனாள். காகிதத்தில் சுற்றித் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டதும், ஆமாம் என்று அவசரமாகத் தலையாட்டினாள்.

வாங்கச் சொன்னது பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் அபிகாயில், ஏழையும் ஐந்தையும் கூட்ட மேசைக்கடியில் விரல்களை ஒளித்து எண்ணினாள். பரீட்சையில் பாதித் தாள் காலி. சாவித்ரி மிஸ் டைரியில் எழுதி அனுப்பினார்: தினமும் அரைமணி நேரம் வீட்டில் யாராவது குழந்தையோடு சீட்டு ஆட வேண்டும். படச் சீட்டுகள் வேண்டாம், எண் சீட்டுகள் போதும். ஆளுக்கொரு சீட்டைத் திருப்புவது. இரண்டையும் கூட்டி முதலில் கத்துகிறவருக்கு இரண்டும் சொந்தம். நல்ல ஆட்டம்தான், யார் இல்லை என்றது? மிஸ்ஸுக்கு இந்த வீட்டுச் சங்கதி தெரியாது, அவ்வளவுதான்.

சங்கதி இதுதான். சரோஜினியின் கணவன் வில்பிரட்டுக்குச் சீட்டு கையில் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். கல்யாணமான புதிதில் அவள் வளையல், வீட்டு பிரிட்ஜ், அவனுடைய முதல் வேலை எல்லாம் சிநேகிதன் எட்மண்ட் வீட்டு ரம்மியில் போயின. தோற்றவன் கையில் மிஞ்சும் சீட்டுகளைக் கூட்டிப் புள்ளி போடுவார்கள், புள்ளிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும், எண்பதுதான் உச்சம். "எண்பது வாங்கிட்டேன் சரோ" என்று வாசலில் வந்து நிற்பான். அந்த எண்ணைக் கேட்டாலே, வீட்டில் விற்க இன்னும் என்ன மிச்சம் என்று அவள் கணக்குப் பார்ப்பாள். ஒருநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே வந்தவன், மூன்று வயது அபிகாயிலின் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். ஐந்து வருடம் காப்பாற்றவும் செய்தான். அதை மறைக்கக் கூடாது.

முதல் வாரம் சரோஜினியே ஆடிப் பார்த்தாள். தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மின்சார ரயிலைப் பிடித்து ஊரப்பாக்கம் வந்து சேர எட்டாகிவிடும். அந்த நேரத்தில் குழந்தைக்குக் கூட்டல் வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. வில்பிரட் நான்கரைக்கே வீட்டில் இருப்பான். ராஜா, ராணி, ஜாக்கி பன்னிரண்டையும் ஜோக்கர்களையும் பீரோவில் பூட்டிவிட்டு, மீதிச் சீட்டுகளை அவனிடம் நீட்டினாள்.

"வேணாம் சரோ. என் கை எனக்குத் தெரியும்" என்று அவன் பின்னால் நகர்ந்தான்.

"வெறும் நம்பர் சீட்டுதானேங்க, இதுல என்ன இருக்கு? பாப்பா ஃபெயிலாயிடுவா."

அவள்தான் அவன் கையைப் பிடித்து இழுத்து உள்ளங்கையில் வைத்தாள். இதைப் பிற்பாடு எத்தனை முறை நினைத்து நினைத்துச் செத்தாளோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

அபிகாயில் மளமளவென்று தேறினாள். மேசைக்கடியிலிருந்து விரல்கள் மேலே வந்தன. ஒன்பதும் எட்டும் என்று வாய் திறப்பதற்குள் பதினேழு என்பாள். பெற்றோர் கூட்டத்தன்று சரோஜினி லீவு போட்டுவிட்டுப் போனாள். "மேடம், கிளாஸ்லயே இவதான் ஃபாஸ்ட். வீட்ல யார் சொல்லிக் கொடுக்கறாங்க?" என்று சாவித்ரி மிஸ் கேட்டார். "அவங்க டாடிதான்" என்று சொன்னபோது சரோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகிப் பத்துப் பதினோரு வருடத்தில், புருஷனை நினைத்து அவள் பெருமைப்பட்டது அன்றுதான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது குழந்தை கையைப் பிடித்து ஆட்டினாள்.

"மம்மி, நீ கேளு, நான் சொல்றேன்."

"எட்டும் ஏழும்?"

"பதினஞ்சு. இதெல்லாம் ஈஸி. ராஜா ராணி வெச்சுக் கேளு."

"அதுக்கு ஏதுடி நம்பர்?"

"ஐயோ மம்மி, இதுகூடத் தெரியாதா? ராஜாவுக்குப் பத்து, ராணிக்குப் பத்து, ஜாக்கிக்கும் பத்து. மொத்தம் முப்பது!"

சரோஜினி நடுரோட்டில் நின்றுவிட்டாள். பீரோ சாவி அவள் கைப்பையில்தான் இருந்தது.

"இதெல்லாம் எங்க பாத்த?"

"எட்மண்ட் அங்கிள் வீட்ல. டாடி என்னைத் தினமும் கூட்டிட்டுப் போவாங்களே. எல்லாரோட பாயிண்ட்டையும் நான்தான் கூட்டுவேன். அங்கிள்லாம் கை தட்டுவாங்க." குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "நேத்து டாடிக்கு எண்பது மம்மி! ரெண்டு தடவை கூட்டிப் பாத்தேன். தப்பே இல்ல."

எந்தத் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தானோ, அந்தத் தலையே இப்போது அவனுக்குப் புள்ளி கூட்டிக்கொண்டிருக்கிறது. சரோஜினிக்கு அழக்கூட வரவில்லை. வாங்கியது அவள், வேண்டாம் என்றவன் கையில் திணித்தது அவள். யாரிடம் போய் எதைச் சொல்லி அழுவாள்?

வில்பிரட் கதவைத் திறந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ் என்ன சொன்னாங்க? பாப்பா எவ்ளோ?"

"எண்பது" என்றாள் சரோஜினி.

"நூத்துக்கா?" என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். கதவைப் பிடித்தபடியே நின்றான்.

அபிகாயில் இருவருக்கும் நடுவே நுழைந்து உள்ளே ஓடி, பாயை விரித்து, சீட்டுகளைக் கலைத்தாள். அப்பனைப் போலவே கலைத்தாள்.

"டாடி, சீக்கிரம் வாங்க. நான் ரெடி."