முன்னறை ஏர்கோன்

ஜொகூர் பாருவிலிருந்து காலை நான்கு ஐம்பதுக்குக் காரில் கிளம்பினோம். நான்கு மணி என்பது திட்டம். மூன்று வயது மகன் செருப்புப் போட மறுத்ததில் ஐம்பது நிமிடம் போயிற்று. குறிப்பேட்டில் நான் எழுதிவைத்திருந்த நிறுத்தங்கள் மூன்று; நின்றது ஏழு. சுங்காய் தாண்டியதும் ஆறு வயது மகள் வாந்தி எடுத்தாள். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்தி, துடைத்து, சட்டை மாற்றி, இருக்கை உறையைக் கழற்றிப் பையில் கட்டினேன். லாரிகள் போகும்போதெல்லாம் காடி ஆடியது. மனைவி மகனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசினால் சண்டையில் முடியும் என்று இருவருக்கும் தெரியும்.

பள்ளி விடுமுறைக்கு என் அப்பா அம்மாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். அவர்களிடம் நான் சொல்லாமல் வைத்திருந்த செய்தி ஒன்று உண்டு. இந்த முறை நாங்கள் அவர்கள் வீட்டில் தங்கப்போவதில்லை. ஈப்போவில் மூன்று இரவுக்கு ஹோட்டல் அறை எடுத்திருந்தோம்.

காரணம் போன விடுமுறை. அப்பா வேலை பார்த்த தோட்டம் கைமாறியபோது தொழிலாளர்களுக்கென்று கட்டிக் கொடுத்த சிறிய வீடு அவர்களுடையது. கூரை தாழ்வு, பகலில் வாங்கிய வெயிலை விடியும்வரை இறக்கிக்கொண்டே இருக்கும். மகனுக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. நான்கு இரவும் மனைவி அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் முறைவைத்து மாற்றிவிட முயன்றேன். அவன் என்னிடம் வரவில்லை. திரும்பும் வழியில் அவள் சொன்னது ஒரே வாக்கியம்: “அடுத்த தடவ நீங்க மட்டும் போய்ட்டு வாங்க.”

அந்த வாக்கியத்தை ‘ஹோட்டலில் தங்கலாம்’ என்ற இடத்துக்குக் கொண்டுவர எனக்குப் பல மாதங்கள் ஆயின. அதை அப்பாவிடம் சொல்வதற்குத்தான் நேரம் வாய்க்கவில்லை. ஞாயிறுதோறும் போனில் பேசுவேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கூப்பிடுவேன். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

ஒன்று பத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நான் பைகளை இறக்கவில்லை. அப்பா அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. என் முழங்கையைப் பிடித்து நேரே முன்னறைக்கு அழைத்துப்போனார். சுவரில் புது ஏர்கோன். மேலே ஒட்டியிருந்த தாளைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். பையோடு சேர்த்தே பொத்தானை அழுத்தினார்.

“போன தடவ புள்ள தூங்கல. அதான்.”

என் பின்னால் மனைவி நின்றிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். சோறு, ரசம், நெத்திலி சம்பல், பொரித்த முட்டை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினேன். மகள் ஆரம்பித்துவிட்டாள்.

“தாத்தா, ஹோட்டல்ல சுவிம்மிங் பூல் இருக்கு. நாங்க மூணு நாளு அங்கதான் தூங்கப் போறோம்.”

அப்பா அவளிடம் ஆழம் எவ்வளவு என்று கேட்டார். கழுத்தில் கைவைத்துக் காட்டினாள். “அப்படின்னா பயமில்ல,” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

அம்மா விடவில்லை. “அப்பன் வீட்டுக்கு வந்துட்டு ஹோட்டல்ல போய்ப் படுக்கிறவன இப்பத்தான்டா பாக்குறேன். வெளிய சொல்லிறாத. தஞ்சோங் ரம்புத்தானுக்கு ஏத்திக்கிட்டுப் போயிருவாங்க. பக்கத்துலதான் இருக்கு, தேடக்கூட வேணாம்.”

பெரிய மனநல மருத்துவமனை இருக்கும் ஊர் அது. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைத்தான் சொல்வோம். இந்த வீட்டிலிருந்து அது பதினைந்து நிமிடம்.

காரணங்களைச் சொன்னேன். வேர்க்குரு, நீண்ட பயணம், அறையை ரத்துசெய்ய முடியாது என்பது. வரிசையாகத்தான் சொன்னேன். ஏர்கோன் ஓடும் சத்தம் முன்னறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததில் ஒன்றுகூட எடுபடவில்லை.

அப்பா கை கழுவிவிட்டு வந்தார். “எத்தன மணிக்கு ரூமு குடுப்பாங்க?”

“மூணு மணிக்கு மேல.”

“இப்ப ரெண்டு. புள்ளைங்க மத்தியானம் தூங்குமில்ல? அந்தத் தூக்கத்தையாவது இங்க தூங்கட்டும்.”

பிள்ளைகளைப் படுக்கவைத்தோம். மகன் அடங்கட்டும் என்று மனைவி பக்கத்தில் படுத்தாள். முதுகை நீட்ட ஐந்து நிமிடம் என்று நான் தரையில் சாய்ந்தேன். விழித்தபோது ஐந்து முப்பத்தைந்து. மகன் கைகால் பரப்பிக் கிடந்தான், கழுத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பகலில் தூங்கி நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். வரவில்லை.

கதவைத் திறந்து கூடத்துக்கு வந்ததும் வெக்கை முகத்தில் அடித்தது. மின்விசிறி நின்றிருந்தது. குளிர்பெட்டியில் சத்தம் இல்லை, அதன் அடியில் ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தார்கள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். அப்பா மின்சாரப் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் விரலை உதட்டில் வைத்தார்.

“மெதுவாப் பேசு. பங்களாவுல தொரைங்க தூங்குறாங்க.”

அப்பா தோட்டத்தில் கரண்ட் எடுக்கும் எஞ்சின் கொட்டகையில் வேலை பார்த்தவர். தொழிலாளர்கள் குடியிருந்த எங்கள் லயங்களுக்கு மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் கரண்ட். தோட்ட மேலாளரான துரையின் பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்தால் அங்கே ஏர்கோன் ஓட வேண்டும், எஞ்சின் தாங்காது. அப்பா லயம் லயமாக நிறுத்துவார். எப்போதும் எங்கள் லயத்தைத்தான் முதலில் நிறுத்துவார், இல்லாவிட்டால் மற்ற லயத்துக்காரர்கள் கேட்பார்கள் என்று. வீட்டுப்பாடத்தின் நடுவில் விளக்கு அணையும். அதற்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் வெகுநாள் இருந்தது.

இந்த வீட்டு வயரிங் பழையது. ஏர்கோன் மாட்டியவர் வயரை மாற்றச் சொன்னாராம். மாற்றும்வரை கூடவே வேறெதையும் போடாதீர்கள் என்றாராம். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். விசிறி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி, தண்ணீர் பம்பு, எல்லாம் நிறுத்தம். எங்களுக்காக வாங்கிய மீன் பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்தது.

“ரெண்டு நாளா ஆளே இல்லாத ரூமுல ஓட்டிப் பாத்தாரு,” என்றார் அம்மா. “நான் போய்ப் படுத்துக்கிறேன்னு சொன்னேன். கதவத் தொறந்தா கணக்குத் தப்பிப் போயிருமாம்.”

எவ்வளவு நேரம் தாங்கியது என்று கேட்டேன்.

“பத்து மணி நேரம் தாங்குச்சு,” என்றார் அப்பா. “ராத்திரிக்குப் போதும்னு நெனச்சேன். சரி, நீங்க கெளம்புங்க. இருட்டுறதுக்குள்ள ஈப்போவுக்குப் போயிறலாம்.”

அப்போதுதான் பின்னால் மனைவி நிற்பதைக் கண்டேன். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. கூடத்தின் நடுவில் நின்று, நின்றுபோன விசிறியைப் பார்த்தாள், குளிர்பெட்டியைப் பார்த்தாள். போன முறை அந்தக் கூடத்தில்தான் அவள் மகனைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். இங்கேயே தங்கலாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

“மாமா, ஃபேன போடுங்க,” என்றாள்.

“போட்டா கரண்ட் கட்டாயிரும்மா.”

“அப்ப நீங்க ரெண்டு பேரும் உள்ள வந்து உக்காருங்க. கதவச் சாத்திக்கலாம்.”

அப்பா எழுந்திருக்கவில்லை. அவள் என்னிடம், இன்றைக்கு இங்கே, நாளைக்கு ஹோட்டல், அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போகிறோம் என்றாள். குரலில் பாசமும் இல்லை, கோபமும் இல்லை. எட்டு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு இன்னொரு முறை காடியில் ஏற முடியாது என்பதும் அதில் இருந்திருக்கலாம். மகன் ஒரு தடவை எழுந்து அழுதாலும் விடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

“நான் அங்க வந்து நீச்சலடிக்கிற வயசா லா,” என்றார் அப்பா. ஆனால் அம்மா அதற்குள் எழுந்து, எந்தச் சேலையைக் கட்டுவது என்று கேட்கத் தொடங்கியிருந்தார்.

ஹோட்டலுக்குப் போன் செய்து நாளைக்கு வருகிறோம் என்றேன். அறையை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். போனை வைத்தபோது அப்பா நாற்காலியை மடித்துவிட்டு, அந்தக் காலத்தில் எஞ்சின் கொட்டகையில் நின்ற மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

“தொரைமாருங்க எல்லாரும் ஏழு மணிக்குள்ள குளிச்சிரணும். ஏழுக்கு மேல பம்பு கெடையாது. சோறு காஸ் அடுப்புலயே வடிக்கட்டும். அயர்ன் பாக்ஸ் கொண்டாந்திருந்தா காடியிலயே இருக்கட்டும்.”

பைகளை இறக்கினேன். ஆறு பைகளும் வாந்தி பட்ட உறையும். இறக்கி முடித்த பிறகு, போனுக்குச் சார்ஜ் போடலாமா என்று கேட்டேன்.

பெட்டியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

“ஒன்னு,” என்றார்.